நெல்லிச்சாறும் நீல மருந்தும்

சந்திரமதி கண்ணாடிக் குழாயை இடுக்கியில் பிடித்து ஸ்டவ் சுடரின் மேல் சாய்த்திருந்தாள். குழாயில் ஒரு தேக்கரண்டி நீல மருந்து. அதில் புருஷனுடைய சிறுநீர் எட்டுச் சொட்டு. வெளியே சுமத்ரா காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கொதி வந்ததும் நீலம் கலங்கிப் பச்சையானது. அங்கேயே நின்றுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள். நிற்கவில்லை. பச்சை வெளிறி மஞ்சளாயிற்று.

"என்ன நிறம்?" பொன்னுதுரை முன்னறையிலிருந்து கேட்டார்.

"இருங்க, இன்னும் கொதிக்கல."

"கொதிச்சு ஆறியே போயிருக்கும். சொல்லு மதி."

"மஞ்சள்."

"போன வாரமும் மஞ்சள்தானே?"

"போன வாரத்து மஞ்சள் வேற, இது வேற."

நீலம் நீலமாகவே நின்றால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் உண்டு, மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. கிளினிக்கில் மிஸ்ஸி என்கிற நர்ஸ் சொல்லிக்கொடுத்து மூன்று மாதமாகிறது. ஊசி போடவும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகிய கை, இப்போது தினமும் காலையில் ஊசியை வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுத்து, நடுங்காமல் அவருடைய தொடையில் இறக்குகிறது.

நோய் சர்க்கரை என்றாலும் பயமெல்லாம் காலைப் பற்றித்தான். வைகாசியில் தையல் மேசையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. அந்தச் சின்னக் கீறல் ஆறாமல் கறுத்துச் சீழ் வைத்த பிறகுதான் உடம்பில் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. பொன்னுதுரை தையல்காரர். ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில், ஒரு துணிக்கடைக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் மெஷின் போட்டிருக்கிறார். மெஷினை அவர் மிதிப்பது இடது காலால்.

டாக்டர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "மாதக் கடைசி வியாழன் வரைக்கும் பார்ப்பம்" என்று சொல்லியிருந்தார். "அதுக்குள்ளை நீலம் வரவேணும். வராட்டில் பெரிய ஆசுப்பத்திரிக்கு எழுதிப்போடுவன். விரலோடை போகுமோ பாதத்தோடை போகுமோ, அவையள்தான் சொல்லுவினம்."

அந்த வியாழனுக்கு இன்னும் பத்து நாள். அதற்கு இரண்டு நாள் கழித்து மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். கடைத்தெரு முழுக்கக் கொடி கேட்டது. சிவப்பும் வெள்ளையுமாகப் பதினோரு பட்டை வைத்துத் தைத்துத் தைத்துப் பொன்னுதுரையின் சட்டையெல்லாம் சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் இடது காலால் தரையை மிதித்துக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். சாப்பிடும்போதும் மிதிப்பார், கோயிலில் உட்கார்ந்தாலும் மிதிப்பார். புண் வந்த நாளிலிருந்து மெஷினை வலது காலால் தட்டுத் தடுமாறி மிதித்தார், இடது கால் ஓய்ந்து கிடந்தது. வீட்டின் சத்தமே நின்றுபோனது மாதிரி இருந்தது சந்திரமதிக்கு.

ஊசி போட்டு முடித்ததும் அடுப்படி மூலையிலிருந்து மூடி வைத்த பீங்கான் மங்கு ஒன்றை எடுத்து வந்தாள். நெல்லிக்காயை இடித்துப் பிழிந்து மஞ்சள் தூள் கலந்த சாறு. அரை டம்ளர் இருந்தது.

"முன்ன ரெண்டு கரண்டிதானே குடுத்தே?" என்றார் பொன்னுதுரை, புளிப்பில் முகத்தைச் சுளித்தபடி.

"ரெண்டு கரண்டிக்கு மசியலையே. நிறம் ஏறிக்கிட்டே போகுது. அதான் கூட்டினேன்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே மதி."

"சொல்லி? போன மாசம் அந்தத் தெங்கேராக்காரர் நாட்டு எண்ணெய் பாட்டிலோட கிளினிக்குக்கு வந்தாரே, என்ன ஆச்சு? எண்ணெய் சாக்கடையில போச்சு. டாக்டர் கையால கிளினிக் அட்டை ரெண்டா கிழிஞ்சு போச்சு. நம்ம அட்டையும் கிழிஞ்சா ஊசிமருந்துக்கு எங்க போறது?"

அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் காலி மங்கைத் திருப்பி நீட்டினார்.

*

கிளினிக் காஜா பேராங் சடக்கோரத்தில், சாலையைப் பார்த்த ஒரு பழைய கடைவீடு. திங்களும் வியாழனும் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர் மாணிக்கவாசகம்தான் எல்லாம். அன்று திங்கள், பெஞ்சு ஏழு மணிக்கே நிறைந்துவிட்டது. சந்திரமதிக்குப் பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். பாசாரில் கீரை விற்கிறவள். மூச்சிரைப்புக்காரி.

"வாங்க தையக்காரரே!" டிரெஸ்ஸர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "கொடி எத்தனை முடிஞ்சிருக்கு? நாடு பொறக்கிறதுக்குள்ள கொடி பொறந்தாகணுமே."

"நூத்திப்பத்து முடிஞ்சிருச்சு. இன்னும் தொண்ணூறு."

"அப்ப மெர்டேக்கா உங்க காலடியிலதான் இருக்குன்னு சொல்லுங்க."

பெஞ்சு சிரித்தது. காலடி என்ற சொல்லில் சந்திரமதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அஞ்சலை அவள் காதருகே குனிந்தாள். "முகம் ஏன்டி இப்படிக் கிடக்கு? நிறம் இறங்கலையா?"

"ஏறுதுக்கா."

"வீட்டுல ஏதாவது குடுக்கிறியா?"

சந்திரமதி டாக்டர் அறைக் கதவைப் பார்த்தாள். அஞ்சலை தன் கூடையைச் சேலைத் தலைப்பால் இன்னும் இழுத்து மூடினாள். "எனக்கும் ஒண்ணு ஓடுது. ஆடாதோடை. இங்க வந்தா மூச்சு விடக்கூடாது, நமக்கு மூச்சு விடத்தான் மருந்தே" என்று சொல்லி இருமிக்கொண்டே சிரித்தாள்.

உள்ளே டாக்டர் அட்டையைப் புரட்டினார். மூன்று வாரமாகச் சந்திரமதி சொல்லச் சொல்ல மிஸ்ஸி எழுதிய நிறங்கள் வரிசையாக இருந்தன. பச்சை, பச்சை, மஞ்சள், மஞ்சள்.

"என்ன இது? போன மாதம் நீலத்துக்குக் கிட்ட வந்த மனுசன். இப்ப ஏறுது." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "டுரியான் பழக் காலம் எல்லோ? கள்ளமாத் தின்னுறீரோ?"

"சத்தியமா இல்லை டாக்டர். கோப்பியில சீனிகூடப் போடறதில்ல."

"பொய் சொல்ல வேண்டாம். அஞ்சடியிலை இருக்கிற ஆள். எதிரிலை பலகாரக்கடை. வீட்டிலை மனுசி பாவம், பார்த்துப் பார்த்துச் செய்யுறா. வெளியிலை நீர் என்ன செய்யிறீர் எண்டு ஆர் கண்டது?"

பொன்னுதுரை சந்திரமதியைப் பார்த்தார். இப்போது சொல் என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் டாக்டர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த மஞ்சள் அட்டை. இரண்டு விரல் போதும் கிழிக்க.

டிரெஸ்ஸர் குந்தி உட்கார்ந்து விரல்கட்டைப் பிரித்தார். முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "டாக்டர், புண்ணு காய்ஞ்சுதான் வருது. சீழ் இல்ல. ஓரத்துல புதுத்தோலு கட்டுது. டியூபு ஒண்ணு சொல்லுது, விரலு ஒண்ணு சொல்லுது."

"விரல் பொய் சொல்லும் மாணிக்கம். டியூப் பொய் சொல்லாது." டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஊசி இருபதிலையிருந்து இருபத்தெட்டு. செங்கல் நிறம் கண்டால் அண்டைக்கு இன்னும் ஆறு. எழுதிக்கொள்ளும்."

*

வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதுதான் பொன்னுதுரை கேட்டார்.

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

"எப்படி?"

"நான் திருட்டுத்தனமாத் தின்கிறேன்னு."

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு நேரம் தாமதித்துவிட்டாள். முந்தின நாள் அவர் குளிக்கப் போனபோது சட்டையை முகர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்துவிட்டது. பையில் கைவிட்டுத் தேடியதும்.

"இல்லீங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு ஒரு மூச்சு நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரியும். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டை அவள் எதிரிலேயே, ஒவ்வொரு கவளத்தையும் காட்டுகிறவரைப் போலச் சாப்பிட்டார்.

சந்திரமதி பயத்தில் இரண்டு காரியம் செய்தாள். காலைத் தோசையை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தாள். சாறைக் கூட்டினாள்.

நெல்லிமரம் பின்வீட்டு மீனாச்சியின் தோட்டத்தில் நின்றது. மீனாச்சி, பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் வேரூன்றிய தமிழ்வழிச் சிட்டி குடும்பத்துப் பெண். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் வரும். "அம்பே லா, பாஞா புவா" என்று கிளையை வளைத்துக் கொடுத்தாள். எடுத்துக்கொள், காய் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் அதை மெலாகா மரம் என்பார்கள், ஊருக்கே பெயர் தந்த மரம். ஊரே பெயர் எடுத்த மரம் ஒரு விரலைக் காப்பாற்றாதா என்று நினைத்தபடி மடி நிறையப் பறித்தாள் சந்திரமதி.

முதலில் இந்தச் சாறைச் சொன்னது அப்துல் கய்யூம், அவள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர். பொன்னுதுரை மெஷின் போட்டிருக்கும் துணிக்கடைக்குப் பக்கத்துக்கடை அவருடைய நாட்டு மருந்துக்கடை. சாறு ஆரம்பித்தபோது அவர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். "காலையில ரெண்டு கரண்டி, அம்புட்டுத்தான் தங்கச்சி. இது மருந்து, சர்பத்து இல்ல. இன்னொண்ணு, ஊசி போடுற ஆளு. டாக்டர் காதுல போட்டுட்டுத்தான் குடுக்கணும்." சந்திரமதி தலையாட்டினாள். மறுவாரம் அவர் கேட்டபோது, "சொல்லிட்டேன் காக்கா, சரின்னுட்டார்" என்றாள்.

டாக்டரிடம் சாறை மறைத்தாள், கய்யூமிடம் டாக்டரை மறைத்தாள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் அவள் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பொன்னுதுரை வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னங்க?"

"ஊசி ஏறிடுச்சு. கை நடுங்குது. பதினொரு மணிக்கு மேல கண்ணு முன்னால பூச்சி பறக்குது."

இருபது வருஷத்தில் ஒருநாளும் அவர் விரலில் ஊசி ஏறியதில்லை. முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சட்டை தோய்த்துப் போட்டது போல நனைந்திருந்தது. சர்க்கரை தலைக்கேறுகிறது என்றே நினைத்தாள். அன்று சாயங்காலம் ஒரு முழு டம்ளர் கொடுத்தாள்.

*

புதன்கிழமை காலை குழாயில் செங்கல் நிறம் வந்தது.

அடியில் வண்டலாகப் படிந்ததைப் பார்த்ததும் அவள் குழாயைச் சேலைத் தலைப்பால் மறைத்தாள். அவரிடம் மஞ்சள் என்று பொய் சொன்னாள். இன்னும் ஆறு அளவு கூட்டிப் போட வேண்டும் என்பது அட்டையில் இருந்தது. அவளுக்குக் கை வரவில்லை. நேற்றைய நடுக்கம் கண்ணுக்குள் நின்றது. இருபத்தெட்டு மட்டும் போட்டாள். மத்தியானம் டிரெஸ்ஸரைக் கேட்டுவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைத்தாள். அவர் ஒரு தோசையைத் தின்று, சாறைக் குடித்து, கொடித்துணி மூட்டையோடு மூன்று சக்கரப் பெச்சா ஏறிப் போனார்.

பதினொன்றேகாலுக்குத் தூக்குச்சட்டியோடு அவள் ஜாலான் பெண்டஹாரா போனபோது அஞ்சடியில் கூட்டம் நின்றது.

"காலையிலேயே ஏத்திட்டாரு போல" என்று யாரோ சொன்னார்கள்.

"யாரு, தையக்காரரா? அவரு கள்ளுக்கடைப் பக்கமே போகமாட்டாரேப்பா."

"பின்ன இது என்னவாம்?"

பொன்னுதுரை மெஷினில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, வேர்வை தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் இருந்த கொடியில் சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு. வெள்ளைத்துணியெல்லாம் காலடியில் கிடந்தது. கடைக்காரர் துணியை வாங்கப் போனால் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதே! எண்ணிட்டிருக்கேன். பதினொண்ணு வரணும். எவன்டா ஒண்ணை எடுத்தது?"

"என்னங்க, நான் மதி."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரோ துணி வாங்க வந்த பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சாயங்காலம் வாங்க. இப்ப முடியாது" என்றார் மரியாதையாக. பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்தார்.

கய்யூம்தான் தாங்கிப் பிடித்தார். கடையிலிருந்து எப்போது ஓடிவந்தாரோ, கையெல்லாம் மிளகுத்தூள் வாசனை. "பெச்சா! பெச்சாவைக் கூப்பிடு! தங்கச்சி, நீங்க முன்னால ஏறுங்க. தலையை மடியில வச்சுக்கங்க. நான் சைக்கிள்ல வாறேன்."

வழியெல்லாம் அவள் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனாள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் உதடு அசைந்தது. கட்டுப்போட்ட இடது கால் வெட்டி வெட்டி இழுத்தது. காலை எடுத்துவிடுவார்களோ என்று மூன்று மாதமாகப் பயந்தவளுக்கு, ஆளே போய்விடுவாரோ என்ற பயம் இப்போதுதான் வந்தது.

*

புதன்கிழமை டாக்டர் கிடையாது. தெங்கேராப் பக்கம் போகிற நாள். டிரெஸ்ஸர் மாணிக்கவாசகம் ஒருவராகவே பொன்னுதுரையைத் தூக்கி மேசையில் போட்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் வேடிக்கை இல்லை.

"காலையில என்ன நிறம்?"

"செங்கல்."

"ஆறு கூட்டிப் போட்டியா?"

"போடல. பயமாருந்துச்சு."

"கடவுளே! அட்டையில எழுதியிருக்கே அம்மா." அவர் அட்டையை ஒருமுறை பார்த்தார். மிஸ்ஸியிடம் கைநீட்டினார். "இன்சுலின் எடுங்க. ஆறு. சீக்கிரம்."

ஊசியில் மருந்து ஏறியது. டிரெஸ்ஸர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காற்றுக்குமிழைச் சுண்டினார். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நின்ற கய்யூம் கேட்டார், "தங்கச்சி, சாறு இன்னிக்கு எத்தனை கரண்டி குடிச்சார்? டிரெஸ்ஸர்கிட்ட அதையும் சொல்லிடுங்க."

டிரெஸ்ஸரின் விரல் நின்றது. "என்ன சாறு?"

கய்யூம் சந்திரமதியைப் பார்த்தார். "ஏன், டாக்டருக்குத் தெரியும்னு சொன்னீங்களே."

ஒரு பொய் இன்னும் மிச்சமிருந்தது. எலுமிச்சைச் சாறு என்று சொல்லலாம். தாகத்துக்குக் கொடுத்தேன் என்று சொல்லலாம். அட்டை மேசையில்தான் கிடந்தது. சந்திரமதி ஊசிமுனையைப் பார்த்தாள். அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது.

"நெல்லிச்சாறு. மஞ்சள் போட்டு" என்றாள். தொடங்கியதும் வார்த்தை நிற்கவில்லை. "மூணு வாரமாக் குடுக்கிறேன். காக்கா ரெண்டு கரண்டின்னார், நான் அரை டம்ளராக்கினேன். நேத்து முழு டம்ளர். டாக்டருக்குத் தெரியாது. அட்டையைக் கிழிச்சாலும் பரவால்ல. ஆனா ஒண்ணு டிரெஸ்ஸர், இப்பத்தான் எனக்கு ஓடுது. அது குடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் நிறம் ஏறுச்சு. கூட்டக் கூட்ட ஏறுச்சு. நேத்து முழுசாக் குடுத்தேன், இன்னிக்குச் செங்கல்."

டிரெஸ்ஸர் புறங்கையால் பொன்னுதுரையின் நெற்றியைத் தொட்டார். கையை உதறினார். வேர்வை தெறித்தது.

"சர்க்கரை ஏறினவனுக்கு உடம்பு காயும்" என்றார் தனக்குள் பாடம் ஒப்பிப்பது போல. "நாக்கு வறளும், தண்ணி தண்ணின்னு கேப்பான். வேர்த்து நடுங்கினா... இறங்கிடுச்சுன்னு அர்த்தம். புண்ணும் அதைத்தானே சொல்லுச்சு!" ஊசியைத் தட்டில் போட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. "காக்கா! எதிர்க்க கோப்பிக்கடை. சீனித்தண்ணி. கெட்டியா, ஒரு மங்கு. ஓடுங்க!"

கய்யூம் சடக்கில் வந்த லாரியைக் கையால் நிறுத்திவிட்டு ஓடினார்.

மங்கு வந்தது. அடியில் சீனி கரையாமல் கிடந்தது. டிரெஸ்ஸர் பொன்னுதுரையின் தலையைத் தூக்கிப் பிடித்தார். "விழுங்கறாரு. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. புரையேறக் கூடாது."

"டிரெஸ்ஸர், நீங்க நினைக்கிறது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா பிறகு சரிபண்ணலாம். இது சரியா இருந்து குடுக்காம விட்டா, பிறகுன்னு ஒண்ணு கிடையாது. ஊத்தும்மா."

மூன்று மாதமாக அவர் வாய்க்கு எட்டாமல் அவள் காத்துவந்தது சீனி. சீனி தூவிய இடியாப்பம் விற்கும் புட்டுமாயக்காரனின் சைக்கிள் மணி கேட்டால் கதவைச் சாத்தியிருக்கிறாள். இப்போது அதே கையால் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். மிஸ்ஸி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பிடித்திருந்தாள். கய்யூம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். மங்கு பாதியானது.

கால் இழுப்பு நின்றது. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தாள். மிஸ்ஸி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு பொன்னுதுரை நாக்கால் உதட்டை நக்கினார். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், மங்கைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"மதி" என்றார். "இனிக்குது." சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர்கிட்ட சொல்லிடாதே."

டிரெஸ்ஸர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சந்திரமதி மங்கைக் கீழே வைத்தாள். அவர் உதட்டோரச் சீனியை முந்தானையால் துடைத்தாள்.

*

மறுநாள் டாக்டர் ராஜரத்தினம் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார். "மூண்டு கிழமை! மூண்டு கிழமையா எனக்குத் தெரியாமல்! ஆளைக் கொல்லப் பார்த்தீரே பிள்ளை!"

"சொன்னா கிழிச்சிருப்பீங்க டாக்டர்" என்றாள் சந்திரமதி. குரல் அடங்கித்தான் இருந்தது, ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. "தெங்கேராக்காரர் அட்டையை நீங்க கிழிச்சதை இந்த பெஞ்சு முழுக்கப் பாத்துச்சு."

டாக்டர் கைநீட்டினார். அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த சாறு பாட்டிலைக் கொடுத்தாள். குழாயில் நீல மருந்தை ஊற்றி, சாறைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுடரில் காட்டினார். டிரெஸ்ஸரும் மிஸ்ஸியும் எட்டிப் பார்த்தார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது.

"நெல்லியிலை இருக்கிற சத்து மிஞ்சினால் சிறுநீரிலை இறங்கும். சர்க்கரை செய்யிற வேலையை இந்த நீலத்திலை அதுவும் செய்யும்" என்றார் நிதானமாக. "நான் படிச்சதுதான். பரீட்சையிலைகூட எழுதினன். ஆனால் ஒருத்தரையும் கேக்கேல்லை." குழாயைத் தாங்கியில் வைத்தார். பொன்னுதுரை பக்கம் திரும்பினார். "டுரியான் எண்டு சொன்னன். மன்னிக்கவேணும்."

"பரவால்ல டாக்டர், இந்த வருஷம் டுரியான் நல்லாவே இல்லையாம்" என்றார் பொன்னுதுரை.

"சாறு நல்லதா கெட்டதா டாக்டர்?" சந்திரமதி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. அந்தக் கடைக்காரருக்குச் சிலவேளை தெரியும். என்ரை நீலத்தை அது ஏமாத்தும் எண்டது மட்டும் எனக்கு இப்ப தெரியும். ஒரு கிழமைக்கு அதை நிப்பாட்டும். ஊசி இருபதுக்கு வரட்டும். தோசை மூண்டு குடும். பிறகு பார்ப்பம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் சந்திரமதி தானாகச் சொன்னாள். "உங்க சட்டையை முகர்ந்து பாத்தேன். பையிலயும் தேடினேன்."

"தெரியும்" என்றார் பொன்னுதுரை. "பையில இருந்த பித்தான் இடம் மாறியிருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவே. ஊசி வேற உன் கையில இருக்கு" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று மூன்று தோசை சுட்டாள். நாலாவதையும் அவரே கேட்டு வாங்கினார்.

*

மாதக் கடைசி வியாழன் வந்தது. தெருவெல்லாம் கொடி. அவர் தைத்தது எது, மற்றவர் தைத்தது எது என்று மூலை மடிப்பைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தார் பொன்னுதுரை. அந்த வாரம் முழுக்கக் குழாயில் நிறம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. இன்று காலை கொதித்தும் மாறாமல் நீலமாகவே நின்றதை அவள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருந்தாலும் அதை டாக்டர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

டாக்டர் தானே குந்தி உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். விரலை அழுத்திப் பார்த்தார், ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கடிதம் எழுதத் தேவையில்லை" என்றார். "மெஷின் மிதிக்க இன்னும் ரெண்டு கிழமை போகட்டும். அதுவரைக்கும் வலது காலாலை மிதியும்."

"வலது கால் சொன்ன பேச்சுக் கேக்காது டாக்டர்."

"பழக்கும்."

பிறகு அட்டையை எடுத்தார். நிறங்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதன் கீழ் ஏதோ எழுதி அவளிடம் காட்டினார். வீட்டு மருந்து என்று தமிழில் இருந்தது. பக்கத்தில் இடம் காலியாக விட்டிருந்தார்.

"இனி எல்லா அட்டையிலையும் இது இருக்கும். மாணிக்கம், வெளியிலை சொல்லும்."

டிரெஸ்ஸர் கதவருகே போய் நின்று தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேளுங்க. வீட்டுல வேற ஏதாவது மருந்து, கஷாயம், சாறு, பொடி எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லணும். கிழிக்க மாட்டாங்க, கொட்ட மாட்டாங்க. சொல்லாமத்தான் இருக்கக்கூடாது."

பெஞ்சில் ஒருத்தர் காலைப் பார்த்தார், ஒருத்தர் கூரையைப் பார்த்தார். அஞ்சலை கூடையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

சந்திரமதி தன் கூடையைத் திறந்தாள். கய்யூம் காக்காவிடம் கேட்டு எழுதி வாங்கிவந்த சீட்டையும் பாதி பாட்டில் சாறையும் எடுத்தாள். நேராக நடந்துபோய் டாக்டர் மேசையில் வைத்தாள்.

"நெல்லிச்சாறும் மஞ்சளும். காலையில ரெண்டு கரண்டி. எப்ப குடுக்கலாம்னு நீங்க சொன்னாத்தான் இனிமே."

பாட்டில் மேசையில் முட்டிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அஞ்சலை எழுந்தாள். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆடாதோடைப் பாட்டில் நெல்லிச்சாறுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே ஒரு கிழவர் மடியிலிருந்து பொட்டலம் எடுத்தார். தெருமுனை வீட்டு மரியம் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு ஒரு சின்னப் புட்டியை நீட்டினாள். அப்புறம் யார் யார் என்று தெரியவில்லை. வேர், பட்டை, எண்ணெய், கறுப்பாக ஏதோ லேகியம், வாழையிலையில் கட்டிய ஒன்று. மேசையில் குழாய்த் தாங்கி வைக்கக்கூட இடமில்லாமல் போயிற்று.

டாக்டர் ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு பார்த்தார். மேசையில் ஒன்றும் குறைந்திருக்கவில்லை.

"மாணிக்கம்" என்றார். "இன்னொரு மேசை கொண்டு வாரும்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சந்திரமதி திரும்பிப் பார்த்தாள். பொன்னுதுரை சுவரோரமாக உட்கார்ந்து எதையோ யோசித்தபடி தெருவில் ஆடும் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக்கட்டுப் போட்ட இடது கால், அவருக்கே தெரியாமல், தரையை மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது.